மறதிக்கு ஒரு தாழ்ப்பாள்

மனிதனுக்குள்ள குணங்களில் மறதியைப் போல் சர்வ சாதாரணமானது வேறொன்றில்லை. குடையைப் பஸ்ஸில் மறக்கிறோம். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறோம். வகுப்பில் பிள்ளைகள் மறந்தால் கோபித்துக்கொள்கிறோம்; நாமே மறந்தால் வேலைத் தொந்தரவு என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய மறதிகள். சிரிக்க முடியாத மறதி ஒன்றைச் சில மாதங்களுக்கு முன் நாம் கண்ணால் கண்டோம்.

நமது நண்பர் ஒருவர் அடுக்கு மாளிகை ஒன்றின் நான்காவது மாடியில் குடியிருக்கிறார். கூடத்தின் தெருப்பக்கச் சுவரில் விசாலமான ஸ்லைடிங் ஜன்னல். இரண்டு கண்ணாடிக் கதவுகள் தண்டவாளத்தின்மேல் இடமும் வலமுமாக நகரும். கம்பி கிடையாது, வைத்தால் அழகு கெட்டுவிடும் என்று கட்டியவர்களின் எண்ணம் போலும்! வீட்டிலோ மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று இருக்கிறது. ஆகவே நண்பரின் தாயார் ஒரு யுக்தி செய்திருந்தார். ஒட்டடைக் கம்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி, ஜன்னலின் தண்டவாளத்தில் படுக்கப் போட்டிருந்தார். கதவு கொஞ்சம் நகரும். அதற்குமேல் குச்சி இடிக்கும். காசு செலவில்லாத அருமையான யோசனைதான்.

நாம் போயிருந்த தினம் காலையில் ஜன்னலைத் துடைத்திருந்தார்கள். துடைப்பதற்காகக் குச்சியை எடுத்து அலமாரியின்மேல் வைத்தவர்கள் அதைத் திரும்பப் போடவில்லை. நாம் காபி அருந்திக்கொண்டிருந்தபோது, குழந்தை சோபாவின்மேல் ஏறி ஜன்னற் கதவைத் தள்ளிற்று. கதவு சத்தமில்லாமல் முழு அகலத்துக்கும் நகர்ந்துவிட்டது. குழந்தை தெருவை எட்டிப் பார்த்தது. அதன் கால்கள் சோபாவைவிட்டு எழும்பின. நல்ல வேளையாகத் தாய் இரண்டே எட்டில் பாய்ந்து சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள்.

சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை.

"குச்சி எங்கே அம்மா?" என்று நண்பர் கேட்டார்.

"அலமாரி மேலேதான் இருக்கிறது, அப்பா. நான்தான் மறந்துபோனேன்" என்று அந்த மூதாட்டி சொன்னபோது அவருடைய குரல் நடுங்கியது.

எழுபது வயதுப் பாட்டியைக் குற்றம் சொல்வது நியாயமாகாது. குற்றம் குச்சியினுடையது. தன்னை எடுத்தவர் ஞாபகமாகத் திரும்பப் போட்டால்தான் அது காவல் காக்கும். வருஷத்தில் 364 நாள் ஞாபகமிருந்து ஒரு நாள் மறந்தாலும் போதும். குழந்தை அந்த ஒரு நாளைத்தான் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது.

வீடு திரும்பிய பிறகு இந்த விஷயத்தைப்பற்றிக் கொஞ்சம் படித்துப் பார்த்தோம். உயர்ந்த கட்டடங்களுக்குப் பேர்போன அமெரிக்காவில் இந்தக் கவலை வெகு நாளாக இருந்து வந்திருக்கிறது. ஜன்னலிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு வந்த பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களை அந்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்து, 2011-இல் வெளியிட்டார்கள். 1990 முதல் 2008 வரையில் சுமார் 98,415 பேர்; அதாவது வருஷத்துக்குச் சராசரி 5,180 பேர்.

ஏன் விழுகிறார்கள்? சிறு குழந்தைக்கு உடம்பை நோக்கத் தலை கனமானது. எட்டிப் பார்க்கும்போது தலை முந்துகிறது. கால் தானாக எழும்பிவிடுகிறது. ஜன்னலடியில் கிடக்கும் கட்டிலும் சோபாவும் ஏணியாக உதவுகின்றன. "கொசுவலைதான் இருக்கிறதே!" என்று சிலர் நினைக்கலாம். கொசுவலை கொசுவைத் தடுக்கும்; சாய்ந்து நிற்கும் குழந்தையைத் தாங்காது.

நியூயார்க் செய்த காரியம்

நியூயார்க் நகரத்துச் சுகாதார இலாகா 1972-இல் ஓர் இயக்கம் தொடங்கிற்று. "குழந்தைகளால் பறக்க முடியாது" என்பதே அதன் பெயர். இலாகாவைச் சேர்ந்தவர்கள் வீடு வீடாகச் சென்று தாய்மார்களிடம் அபாயத்தை எடுத்துச் சொன்னார்கள். சிறு குழந்தைகள் இருந்த வீடுகளுக்கு ஜன்னற் காப்புக் கம்பிகளை இலவசமாகவே கொடுத்தார்கள். பிராங்ஸ் என்ற பகுதியில் 1973-க்கும் 1975-க்கும் இடையில் இத்தகைய விபத்துக்கள் பாதியாகக் குறைந்தன. 1976-இல், பத்து வயதும் அதற்குட்பட்டதுமான குழந்தைகள் வசிக்கும் வாடகை வீடுகளில் சொந்தக்காரரே காப்புக் கம்பி போட்டுத் தரவேண்டும் என்று விதியும் பிறந்தது.

கம்பி போட்டாகிவிட்டது, கவலை தீர்ந்ததா? இல்லை. குழந்தை விழாமல் தடுக்கும் அதே கம்பி, வீட்டில் நெருப்புப் பிடித்தால் உள்ளே இருப்பவர்களைச் சிறை வைத்துவிடும். வாசற்படியில் புகை சூழ்ந்தால் ஜன்னல்தான் வழி. இதனாலேயே நெருப்புக்கால ஏணிக்குச் செல்லும் ஜன்னல்களுக்கு மட்டும் நியூயார்க்கில் கம்பி வேண்டாம் என்று விலக்குக் கொடுத்தார்கள்.

ஒரே ஜன்னல் குழந்தைக்கு மூடியிருக்க வேண்டும். பெரியவருக்குத் திறக்க வேண்டும். அதுவும் சாவி தேடாமல், கருவி எடுக்காமல், இருட்டிலும் புகையிலும் திறக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தே அந்நாட்டுத் தர விதிகளை வகுத்தார்கள். கட்டடத்தின் 75 அடி உயரம் வரையுள்ள ஜன்னல்களுக்கு, அவசரத்தில் விடுவிக்கக்கூடிய காப்புக்கென்று தனித் தரம் ஏற்பட்டது. 4 அங்குலக் குறுக்களவுள்ள பந்து நுழையாத அளவுக்கே ஜன்னல் திறக்கவேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. காற்று வரும், குழந்தையின் உடல் போகாது.

நாக்கும் கொக்கியும்

இந்த நிபந்தனைகளுக்காகவே பிறந்ததுதான் தன்னைத் தானே திரும்பப் போட்டுக்கொள்ளும் தாழ்ப்பாள். அதன் உட்புறம் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரு வகையை மட்டும் விளக்குகிறோம். இதைப் புரிந்துகொள்ள வீட்டிலுள்ள இரண்டு சாமான்களை நினைத்துக்கொண்டால் போதும். ஒன்று குடை, மற்றொன்று எலிப்பொறி.

குடையின் தண்டில் ஒரு சிறு நாக்கு உண்டு. உள்ளிருக்கும் ஸ்பிரிங் அதை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். விரித்த குடை மடங்காமல் நிற்பது அந்த நாக்கின் தயவால்தான். விரலால் அதை உள்ளே அழுத்தினால்தான் குடை இறங்கும். ஜன்னலிலும் இதே போன்ற நாக்கை அசையாத கதவின் சட்டத்தில் பதித்திருக்கிறார்கள். நகரும் கதவு ஏறக்குறைய 4 அங்குலம் திறந்ததும் இந்த நாக்கில் முட்டி நிற்கும். குழந்தை எவ்வளவு தள்ளினாலும் நகராது.

முழுவதும் திறக்கவேண்டுமானால் பெரியவர் ஒரு பொத்தானை நகர்த்திப் பிறகு நாக்கை உள்ளே அழுத்தவேண்டும். இரண்டும் தனித்தனிச் செயல்கள். விளையாட்டாகத் தட்டும் குழந்தைக்கு அவ்வளவு சுலபத்தில் வராது. அழுத்திய நாக்கை உள்ளிருக்கும் கொக்கி ஒன்று பிடித்துக்கொள்ளும். இரண்டு கையாலும் கதவைத் தள்ளுவதற்கு அவகாசம் வேண்டுமல்லவா? எலிப்பொறியின் கம்பியை இழுத்துக் கொக்கியில் மாட்டுகிறோமே, அது போலத்தான் இதுவும்.

இனிமேல்தான் விசேஷம். பழைய தினுசுத் தாழ்ப்பாளில் இந்த நிலையிலேயே நாக்கு நின்றுவிடும். ஜன்னலை மூடிய பிறகு யாராவது ஞாபகமாக அதை வெளியே இழுத்துவிடவேண்டும். அதாவது பாட்டியின் குச்சிக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. புதிய தாழ்ப்பாளில் அப்படியல்ல. கதவு நாக்கின்மேல் நகரும்போது அதைச் சிறிது ஆழமாக அழுத்திச் செல்கிறது. அந்த அழுத்தத்தில் கொக்கி கழன்றுவிடுகிறது. ஸ்பிரிங் நாக்கை வெளியே தள்ளப் பார்க்கிறது. ஆனால் கதவுதான் மறைத்துக்கொண்டிருக்கிறதே! பொந்தின் வாயில் காத்திருக்கும் பூனையைப் போல் நாக்கு காத்திருக்கும். கதவை மூடியதும் மறைப்பு விலகும். நாக்கு "டக்" என்று வெளியே வந்து நிற்கும். யாரும் தொடவேண்டியதில்லை, யாரும் நினைக்கவும் வேண்டியதில்லை.

யோசித்துப் பார்த்தால் இதன் தந்திரம் இரும்பிலும் ஸ்பிரிங்கிலும் இல்லை. மழை வந்தால் ஜன்னலை மூடுகிறோம், இரவானால் மூடுகிறோம், வெளியூர் போனால் மூடுகிறோம். எப்படியும் செய்தே தீரும் ஒரு காரியத்தோடு, செய்ய மறந்துவிடும் காரியத்தை முடிந்து வைத்திருக்கிறார்கள். அதுவே இதன் சாமர்த்தியம்.

மாணவன் கேட்ட கேள்வி

இதை வகுப்பில் படம் போட்டு விளக்கினோம். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "ஸார், நாக்கை அழுத்திவிட்டு ஜன்னலைத் திறக்காமலே போய்விட்டால்?" என்று கேட்டான்.

நாம் ஒரு நிமிஷம் திகைத்துத்தான் போனோம். பையன் சொன்னது சரி. நாம் விவரித்த வகையில், கதவு கடந்து சென்றால்தான் கொக்கி கழலும். கடக்காவிட்டால் நாக்கு உள்ளேயே கிடக்கும். அடுத்த முறை ஜன்னலைத் திறந்து மூடும் வரையில் காவல் இல்லை. ஆகவே நாக்கை அழுத்தியவர் கதவை அதற்கப்பால் தள்ளித் திரும்ப மூடியே ஆகவேண்டும். மற்றொன்றும் உண்டு. அகலத் திறந்து கிடக்கும் ஜன்னலுக்கு எந்தத் தாழ்ப்பாளும் காவலாகாது. யந்திரம் நம்முடைய மறதியைக் குறைக்கும்; நம்முடைய பொறுப்பை வாங்கிக்கொள்ளாது.

நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் ஜன்னலுக்குக் கம்பி போடுகிறோம். குழந்தை விழாது, நல்லதுதான். ஆனால் எல்லா ஜன்னலுக்கும் அசையாத கம்பி போட்ட மாடி வீட்டில், நெருப்புக் காலத்தில் வெளியேற வழி எது என்று ஒரு தடவையாவது யோசித்துப் பார்ப்பது நலம். கம்பியில்லாத ஸ்லைடிங் ஜன்னல் வைத்தவர்களோ மூன்று காரியம் செய்யவேண்டும். கட்டிலையும் சோபாவையும் ஜன்னலைவிட்டு நகர்த்தவேண்டும். 4 அங்குலப் பந்து ஒன்றை வைத்து, தாழ்ப்பாள் போட்ட ஜன்னலில் அது நுழைகிறதா என்று பார்க்கவேண்டும். தாழ்ப்பாள் வாங்கினால், பத்துத் தடவை திறந்து மூடி, பத்துத் தடவையும் நாக்கு வெளியே வருகிறதா என்று சோதிக்கவேண்டும். தண்டவாளத்துத் தூசியும் மணலும் நாக்கின் இடுக்கில் சேர்ந்தால் எந்த ஸ்பிரிங்கும் சோர்ந்துபோகும். ஆகவே அவ்வப்போது துடைப்பதும் அவசியம்.

நமது நண்பர் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் மூலம் இத்தகைய தாழ்ப்பாள் ஒன்றைத் தருவித்தார். நம் ஜன்னல்களில் இரண்டு கதவுமே நகருமாதலால், முதலில் ஒரு கதவைத் திருகாணி போட்டு அசையாமல் நிறுத்தினார்கள். பிறகு அதன் சட்டத்தில் தாழ்ப்பாளைப் பொருத்தினார்கள். சென்ற வாரம் நாம் போனபோது பாட்டி நமக்கு அதை இயக்கிக் காட்டினார். திறந்தார், மூடினார், "டக்" என்ற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார்.

பழைய குச்சி மட்டும் அலமாரியின்மேல் அப்படியே கிடந்தது. "இதுதான் வந்துவிட்டதே, அதைத் தூக்கி எறிந்துவிடலாமே, அம்மா?" என்றோம்.

"இருக்கட்டும், தம்பி. ஜன்னலுக்கு வேண்டாம்; எனக்கு வேண்டும். அதைப் பார்க்கிறபோதெல்லாம் குழந்தை எங்கே என்று ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறேன்" என்றார் பாட்டி.