விறகடுப்புக்கு இடம் தராத மருந்துச் சோதனைகள்

இளைப்பு நோயுள்ள வீட்டில் டெரிபிலின் என்ற பெயர் தெரியாதவர்கள் குறைவு. பொன்னமராவதியானாலும் கறம்பக்குடியானாலும், "வீசிங்குக்கு ஊசி போட்டாங்க" என்றால் பல ஆண்டுகளாக அது பெரும்பாலும் இந்த ஊசிதான். தியோஃபிலின் குடும்பத்தைச் சேர்ந்த மருந்து. 1888இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஆல்பிரெக்ட் கோசெல் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்த பொருள் தியோஃபிலின். மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிய தசையைத் தளர்த்துவதுதான் அதன் வேலை.

இந்தப் பழைய மருந்துக்குப் புதுப் பிறவி கிடைக்கும் என்று ஒரு காலத்தில் நம்பிக்கை பிறந்தது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயை மருத்துவர்கள் சிஓபிடி என்பார்கள். இந்நோயாளிகளிடம் ஸ்டீராய்டு இன்ஹேலர் சரிவர வேலை செய்வதில்லை. ஸ்டீராய்டுக்கு உதவும் ஒரு நொதியைப் புகை கெடுத்துவிடுவது ஒரு காரணம் என்று லண்டனில் பீட்டர் பார்ன்ஸின் குழு கண்டது. குறைந்த அளவு தியோஃபிலின் அந்த நொதியை மீட்பதாக ஆய்வகத்தில் தெரிந்தது. சில ரூபாய் மாத்திரை, உலகெங்கும் கிடைப்பது. பிரிட்டனில் 1,500க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் முடிவு வந்தது. தியோஃபிலின் எடுத்தவர்களுக்கு நோய் முற்றிய தடவைகள் சராசரியாக 2.24. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 2.23.

வேறொரு நோய்க்காக வந்த மருந்தை நுரையீரலுக்குத் திருப்பும் முயற்சிகள் பலவும் இப்படித்தான் முடிந்திருக்கின்றன. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினை 885 பேரிடம் சோதித்தார்கள்; 2014இல் பயனில்லை என்று தெரிந்தது. இதயத்துக்கான மெட்டோபுரோலால் இன்னும் கசப்பான கதை. அதை எடுப்பவர்களுக்கு இளைப்பு முற்றுவது குறைவு என்று பழைய மருத்துவப் பதிவுகள் காட்டின. முறையான சோதனையில் நேர்மாறாக, மருந்து எடுத்தவர்களே கடும் மூச்சுத்திணறலோடு அதிகமாக மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சோதனையைப் பாதியில் நிறுத்தி, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். இதய நோய்க்காக அதை எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அந்தச் சோதனை இதயத்துக்கு அம்மருந்து தேவைப்படாதவர்களிடம் நடந்தது.

வெற்றி பெற்றவையும் உண்டு. தொண்டைப் புண்ணுக்கும் சளிக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் அசித்ரோமைசின் அவற்றில் ஒன்று. ஜப்பானில் அரிய மூச்சுக்குழாய் நோய் ஒன்றுக்கு, இதே இனத்தைச் சேர்ந்த எரித்ரோமைசினைக் குறைந்த அளவில் நெடுநாள் கொடுத்து, ஷோஜி குடோ என்ற மருத்துவர் வியக்கத்தக்க பலன் கண்டார். கிருமியைக் கொல்வதோடு அழற்சியையும் தணிக்கும் குணம் இந்த மருந்துகளுக்கு இருப்பது அப்படித்தான் கவனத்துக்கு வந்தது. அமெரிக்காவில் 1,142 சிஓபிடி நோயாளிகளிடம் தினமும் 250 மில்லிகிராம் அசித்ரோமைசினை ஓராண்டு கொடுத்தபோது, நோய் முற்றுவது ஆண்டுக்கு 1.83 தடவையிலிருந்து 1.48ஆகக் குறைந்தது. ஆனால் செவித்திறன் குறைந்தவர்கள் 25 சதவீதம். வெற்று மாத்திரைக் குழுவில் 20. கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் ஆபத்தும் சேர்ந்தே வருகிறது. மருத்துவர் ஆளைப் பார்த்துத் தர வேண்டிய மருந்து இது.

கரப்பான் நோய்க்கு 2017இல் அனுமதி பெற்ற டூபிலுமாப் ஊசி, 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் சிஓபிடிக்கும் அனுமதி பெற்றது. நோய் முற்றுவதை ஏறத்தாழ 30 சதவீதம் குறைத்தது பெரிய செய்திதான். ரத்தத்தில் ஈசினோபில் அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 300க்குக் குறையாமல் இருப்பவர்களிடம்தான் அதைச் சோதித்தார்கள். "ஈசினோபிலியா" நம் ஊரில் வீட்டுச் சொல். இங்கே குடற்புழுவும் யானைக்கால் புழுவும்கூட அந்த எண்ணிக்கையை ஏற்றிவிடும். புழுத்தொற்று இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிட்டே இந்த ஊசியைத் தொடங்க வேண்டும். விலையோ கூலிக் குடும்பத்துக்கு எட்டாத உயரம்.

இதுவரை சொன்ன சிஓபிடி ஆய்வுகளில் தியோஃபிலின், சிம்வாஸ்டாட்டின், மெட்டோபுரோலால், அமெரிக்க அசித்ரோமைசின், டூபிலுமாப் எல்லாவற்றிலும் ஒரே நிபந்தனை இருந்தது. நோயாளி குறைந்தது பத்து 'பாக்கெட் ஆண்டு' புகைத்திருக்க வேண்டும். நாளொன்றுக்கு 20 சிகரெட் வீதம் பத்து ஆண்டுகள் என்பது அதன் கணக்கு. சீமைக்கருவேல விறகையும் தைலமரச் சுள்ளியையும் ஊதி ஊதி முப்பது வருடம் சமைத்து, பீடியைத் தொட்டே பார்க்காத கந்தர்வகோட்டைப் பெண்ணுக்கு இவற்றில் எதிலும் இடமில்லை. விறகுப் புகையால் வரும் நோயில் நுரையீரல் சிதைவதைவிடச் சிறு மூச்சுக்குழாய்கள் தடித்துச் சுருங்குவதே மிகுதி என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நோயின் வடிவமே வேறாக இருக்கும்போது, புகைத்தவர்களிடம் கண்ட பலனோ பயனின்மையோ அவளுக்கும் அப்படியே பொருந்தும் என்று யார் உறுதி சொல்வது? இந்த அநியாயத்தை விலக்கு விதி என்ற பெயரில் இவ்வளவு காலம் விட்டுவைத்தது எனக்கு ஏற்கவே முடியாத ஒன்று.

இந்த ஊர்கள் இருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இன்னொரு புகையும் உண்டு, கல் தூசி. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில், கொத்தடிமைகளாகக் கல்லுடைத்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிகள் குத்தகைக்குக் கிடைத்தன. ஆயிரக்கணக்கான பெண்கள் தம் உழைப்பின் பலனைத் தாமே எடுத்தார்கள். கூலி மாறியது, தூசி மாறவில்லை. நுண்ணிய சிலிக்காத் துகளை விழுங்கும் நுரையீரல் காவல் அணு, அதைச் செரிக்க முடியாமல் செத்து, அழற்சியைப் பரப்புகிறது. நாளடைவில் நுரையீரல் நாராகிறது. இதுதான் சிலிக்கோசிஸ். காசநோய் தொற்றும் வாய்ப்பையும் அது கூட்டுவதால், இரண்டும் குழம்பிப்போவதும் உண்டு.

அந்த நாரைக் கரைக்கும் மருந்து இன்றுவரை இல்லை. புற்றுநோய்க்காக உருவாக்கிய நின்டெடானிப், நுரையீரல் நாராவதன் வேகத்தைக் குறைக்கிறது. 663 பேரிடம் செய்த 2019 ஆய்வில், மூச்சுக் கொள்ளளவு ஆண்டுக்கு 188 மில்லிலிட்டர் குறைவதற்குப் பதில் 81 மட்டுமே குறைந்தது. தூசியால் நோய் வந்தவர்கள் அதிலும் சிறு பங்கினரே. மூன்றில் இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. இதே வகையில் உதவும் பிர்ஃபெனிடோன், வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கக் கூடியது. வெட்டவெளியில் வேலை செய்பவருக்கு அதை எழுதும்முன் அவர் வேலையை விசாரிக்க வேண்டும். தண்ணீர் தெளித்துத் துளையிடுவதும் கிரஷரை மூடி உறிஞ்சிகளைப் பொருத்துவதும் இந்த மருந்துகளுக்கெல்லாம் முன்பே நடக்க வேண்டியவை.

புகைத்த ஆண்டுகளைப் போலவே விறகடுப்பையும் அளக்க முடியும். அடுப்படியில் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம், எத்தனை ஆண்டுகள் என்று பெருக்க வேண்டும், அவ்வளவுதான். மைசூரு மாவட்டக் கிராமப் பெண்களிடம் செய்து 2013இல் வெளியான ஆய்வு, இந்த எண் 60ஐத் தொட்டால் நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி வரும் வாய்ப்பு குறிப்பிடத்தக்க அளவு கூடுவதாகக் கண்டது. நாளுக்கு நான்கு மணி நேரம் சமைப்பவர் பதினைந்தே ஆண்டில் அதை எட்டிவிடுவார். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி 2017 முதல் இயங்குகிறது. அங்கே இளைப்போடு வரும் ஒவ்வொரு பெண்ணின் ஓபி சீட்டிலும் இந்தப் பெருக்கல் விடையும், கல் வேலை பார்த்த ஆண்டுகளும் பதிவாகட்டும். அடுத்த மருந்துச் சோதனைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களிடம் அந்தப் பட்டியலை நீட்டி, இவர்களையும் சேர்த்தால்தான் அனுமதி என்று நம் நெறிமுறைக் குழுக்கள் சொல்லட்டும்.