வர்த்தகம் பயில எங்கே செல்வது?

சிவகாசிக்கு அருகே எம். புதுப்பட்டி போன்ற ஊர்களில், பரீட்சை முடிவு வெளியானதும் பெற்றோர்கள் உபாத்தியாயர்களாகிய நம்மை நாடி வருவது வழக்கம். "வர்த்தகப் பட்டத்திற்கு லண்டன் உத்தமமா, ஜெர்மனி உத்தமமா?" என்பதே இப்பொழுது கேள்வி. பதில் சொல்லுமுன், இதே சீமையிலிருந்து தொழில் கற்கப் புறப்பட்ட இருவரை நினைத்துக்கொள்வது நலம்.

1922-ஆம் வருஷத்தில் சிவகாசி அய்ய நாடாரும் அவருடைய உறவினர் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று, சில மாதங்கள் தங்கித் தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றார்கள். பட்டம் ஒன்றும் பெறவில்லை. ஆனால் அவர்கள் இடம் தேர்ந்த விதத்தைக் கவனியுங்கள். அத்தொழில் கண்முன் நடந்துவந்த நகரம் அது. அவ்வருஷமே அந்நியத் தீப்பெட்டிகளின் மீது சுங்கவரியும் உயர்ந்தது. மழையற்ற நமது கரிசல் பூமியின் வெயிலோ, குச்சியையும் பெட்டியையும் உலர்த்தக் கூலி கேட்பதில்லை! திரும்பிவந்து ஜெர்மன் யந்திரங்களுடன் தொடங்கியவர்கள், பிறகு கைவேலையே கட்டுமென்று கண்டார்கள். அந்தக் கைகளில் பிற்காலத்தில் குழந்தைகளின் கைகளும் சேர்ந்தன என்பதை நாம் மறைப்பதற்கில்லை.

இன்றைய பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டுவதில்லை. பிரிட்டனில் முதுகலைப் படிப்பு ஒரே வருஷத்தில் முடிந்துவிடும். ஆனால் படித்த பின் தங்கி வேலை தேட அளிக்கப்பட்டுவந்த இரண்டு வருஷ அனுமதி, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போருக்குப் பதினெட்டு மாதமாகக் குறையுமென்று அறிவித்திருக்கிறார்கள். ஜெர்மனியில் சர்க்கார் சர்வகலாசாலைகள் பெரும்பாலும் சம்பளம் வாங்குவதில்லை என்பது மெய். எனினும் எம்.பி.ஏ. வகுப்புக்குத் தனிக் கட்டணம் உண்டு. ஜீவனத்திற்கென்று 2024 செப்டம்பர் முதல் வருஷத்திற்கு 11,904 யூரோ முன்கூட்டியே கணக்கில் காட்ட வேண்டியிருக்கிறது. ஜெர்மன் பாஷை தெரியாதவனுக்கு அங்கே உத்தியோகம் கிடைப்பதும் எளிதன்று.

இங்கே, ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு வங்கிகள் வழக்கமாக ஈடு கேட்கும். ஈடு என்றால் நமது ஊரில் குடியிருக்கும் வீடுதான். அந்தப் பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுக்குமுன், அக்கல்லூரியில் சென்ற வருஷம் தேறிய நம்மவர் இரண்டு பேரையாவது விசாரித்து, இப்பொழுது என்ன வேலையில், என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். தரகர் காட்டும் வர்ணப் புத்தகம் அதைச் சொல்லாது.

அந்தக் கல்கத்தாவிலேயே 1961 முதல் மத்திய சர்க்காரின் நிர்வாகக் கல்லூரி நடந்து வருகிறது. திருச்சியில் 2011 முதல் ஒன்று இருக்கிறது. மேல்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றைக் காட்டிலும் இவற்றில் இடம் பெறுவது கடினம் என்பதை மட்டும் பையனிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.