ஹோய் ஆனில் உண்டதும் உண்ணாததும்

"அங்கே என்ன சாப்பிட்டீர்கள்?"

வியட்நாம் போய்த் திரும்பிய எங்களை விடுதியில் எல்லோரும் கேட்ட முதற்கேள்வி இதுதான். என்ன பார்த்தீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. முதலில் எனக்குச் சிறிது வருத்தமாகவே இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், கேட்டவர்கள் மேல் பிழை இல்லை என்று தோன்றிற்று. ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து, விடுதிச் சப்பாத்தியோடு நாள்தோறும் சமாதானம் செய்துகொள்ளும் நமக்கு, எங்கே போனாலும் சாப்பாடுதான் முதற்கவலை. அடுத்த விடுமுறையில் அந்தப் பக்கம் போக எண்ணியிருக்கும் நண்பர்களுக்கு உதவட்டும் என்று, ஹோலி விடுமுறையில் நாங்கள் ஐந்து நாள் தங்கிய ஹோய் ஆன் என்ற ஊரின் உணவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஹோய் ஆன் மத்திய வியட்நாமில், தூ போன் நதி கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகில் உள்ள சிறிய ஊர். டா நாங் விமான நிலையத்திலிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டர். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் இது பெரிய துறைமுகம். சீனரும் ஜப்பானியரும் இங்கே வந்து தங்கி வியாபாரம் செய்தார்கள். ஆற்றின் முகத்துவாரம் மண் தூர்ந்துபோகவே, கப்பல்கள் டா நாங்குக்குப் போய்விட்டன. வியாபாரம் போயிற்று, ஊர் மட்டும் பழைய வீடுகளோடு அப்படியே நின்றுவிட்டது. அந்த அதிர்ஷ்டத்தால்தான் 1999-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. சீனருக்கும் ஜப்பானியருக்கும் முந்தி இந்தக் கரையை ஆண்டவர்கள் சாம் மன்னர்கள். சிவபெருமானுக்கு அவர்கள் எழுப்பிய மீ சோன் கோயில்கள் இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி இன்னொரு முறை எழுதலாம். இப்போது அடுப்பங்கரைக்குப் போவோம்.

இந்த ஊருக்கே உரிய பதார்த்தம் 'காவ் லவ்'. இதை நூடுல்ஸ் என்று எழுதினால், நாம் நள்ளிரவில் மின்சாரக் கெண்டியில் வேகவைக்கும் பொட்டலச் சரக்குத்தான் உங்கள் நினைவுக்கு வரும். அரிசியிலே செய்வது ஆதலால் சேவை என்றே எழுதுகிறேன். ஆனால் நம் சேவையைவிடப் பல மடங்கு தடிமன். பழுப்பும் மஞ்சளும் கலந்த நிறம். பல்லுக்கு நல்ல வேலை வைக்கும்.

அந்த நிறத்துக்கும் உறுதிக்கும் காரணம் சாம்பல். கடலில் சுமார் 15 கிலோமீட்டருக்கு அப்பால் கூ லாவ் சாம் என்ற தீவு இருக்கிறது. அத்தீவின் மரங்களை எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, அந்தத் தெளிநீரில் அரிசியை ஊறப்போடுவது பழைய முறை. அந்தத் தண்ணீரும் எந்தத் தண்ணீரும் அல்ல. ஊருக்குள் ஒரு சந்தில் பா லே கிணறு என்ற சதுரக் கிணறு இருக்கிறது. சாம் மக்கள் வெட்டியது என்கிறார்கள். அதன் நீர்தான் வேண்டும் என்பார்கள். சாம்பல் நீரில் காரத்தன்மை உண்டு. அப்பளத்துக்கு நம் பாட்டிமார் அப்பளக் காரம் சேர்ப்பது எதற்காகவோ, இதுவும் அதற்காகத்தான்: மாவு இறுகும், நிறம் மாறும். ஊறிய அரிசியை அரைத்து, நீரை வடித்து, மாவைப் பிசைந்து, ஆவியில் வேகவைத்து, தட்டி நறுக்கி, மறுபடியும் ஆவியில் வைக்கிறார்கள். இந்த வேலை தெரிந்த சில குடும்பத்தார் செய்து கொடுப்பதைத்தான் ஊர்க் கடைகள் வாங்கிப் பரிமாறுகின்றன.

கிண்ணத்தின் அடியில் முளைப்பயறும் இலைகளும், மேலே சேவை, அதற்கும் மேலே மசாலாவில் ஊறவைத்துச் சமைத்த பன்றி இறைச்சித் துண்டங்கள், அந்த இறைச்சியின் சாறு இரண்டு மூன்று கரண்டி. உச்சியில், அதே சேவை மாவைச் சதுரமாக வெட்டிப் பொரித்த வில்லைகள். குழம்பில் மிதக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முதல் நாள் நான் குழம்பு வரும் வரும் என்று காத்திருந்தேன். வில்லைகள் நமுத்ததுதான் மிச்சம். சாறு அடியில் இருக்கிறது. குச்சிகளால் அடிவரை புரட்டிக் கலந்து உடனே சாப்பிட வேண்டும். பக்கத்து மேசைக் கிழவர் என் கிண்ணத்தை இழுத்துத் தாமே கலந்து கொடுத்த பிறகு எனக்கு விஷயம் விளங்கியது.

இலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை அலங்காரம் அல்ல. பாதிச் சாப்பாடே அவைதாம். ஊருக்குச் சற்று வடக்கே திரா குவே என்ற தோட்டக் கிராமத்திலிருந்து வருகின்றன. அங்கே பாத்திகளுக்கு நீர்நிலையில் வளரும் பாசியை வாரி உரமாகப் போடுகிறார்கள். புதினா, துளசி ஜாதியைச் சேர்ந்த பல இலைகளை அப்படியே பச்சையாகத் தின்கிறார்கள். இரண்டு நாளில் பழகிவிடும். மூன்றாம் நாள் இலை குறைந்தால் கேட்டு வாங்கத் தோன்றும்.

இனி ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்களோடு வந்த நண்பர் ஒருவர் திருநெல்வேலிப் பக்கத்துப் பரம சைவர். நான் எதையும் தின்பவன். முதல் நாள் மாலை ஒரு சிறு கடைக்குப் போனோம். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினேன். கடைக்கார அம்மாள் சிரித்துத் தலையசைத்தார். தக்காளிச் சாற்றில் வேகவைத்த சோயாக் கட்டியும், பூண்டு போட்டு வதக்கிய வள்ளைக்கீரையும், சோறும் வந்தன.

"என்ன வே, இது சைவந்தானா?" என்றார் நண்பர்.

"சைவந்தான் வே, தைரியமாய்ச் சாப்பிடும்" என்றேன்.

அவர் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். சாப்பாட்டுக் கவலை தீர்ந்தது என்று ஊருக்குச் செய்தியும் அனுப்பினார்.

மறுநாள் காலை நான் மட்டும் ஒரு சமையல் வகுப்புக்குப் போனேன். ஹோய் ஆனில் இப்படிப்பட்ட வகுப்புகள் நிறைய உண்டு. முதலில் சந்தைக்கு அழைத்துப் போவார்கள். பிறகு நம்மையே சமைக்கச் சொல்வார்கள். அன்று செய்தவற்றில் அதே தக்காளிச் சோயாக் கட்டியும் ஒன்று. ஆசிரியை ஒரு புட்டியை எடுத்துப் பழுப்பு நீரைத் தாராளமாக ஊற்றினார். என்ன அது என்றேன். 'நுவோக் மாம்' என்றார்.

நுவோக் என்றால் நீர். நெத்திலி போன்ற சிறு மீன்களை உப்போடு அடுக்கி, மரத் தொட்டியிலோ சாடியிலோ சுமார் ஒரு வருஷம் புளிக்கவைத்தால் தெளிந்து இறங்கும் நீர்தான் நுவோக் மாம். அந்த நாட்டில் சமையலறைக்கு அதுவே ஆதாரம். நாம் உப்புப் போடும் இடத்தில் அவர்கள் இதை ஊற்றுகிறார்கள். கீரைக்கும் ஊற்றுவார்கள், தொட்டுக்கொள்ளவும் வைப்பார்கள். 'மீன் வேண்டாம்' என்றால் மீன் துண்டு வேண்டாம் என்றுதான் அவர்களுக்குப் பொருள். உப்பு வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? கடைக்கார அம்மாள் நம்மை ஏமாற்றவில்லை.

அன்று பகல் முழுவதும் நான் நண்பரிடம் சொல்லவில்லை. தெரியாமல் தின்றதில் தோஷம் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன். சாயங்காலம் அவர், "இன்றைக்கும் அந்த அம்மாள் கடைக்கே போவோம் வே. நல்ல கைப்பக்குவம்" என்றார். இனி மறைக்க வழியில்லை. ஆற்றங்கரையில் உட்கார்ந்து சொன்னேன்.

வெகுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, "உமக்கு எப்போது தெரியும்?" என்று கேட்டார்.

"காலை பத்து மணிக்கு."

"இப்போது மணி ஆறு" என்றார். அவ்வளவுதான். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றிரவும் மறுநாள் காலையும் வாழைப்பழமும் ரொட்டியுமே அவருக்கு ஆகாரம்.

தங்கியிருந்த விடுதி அம்மாள்தான் வழி காட்டினார். அவர் காகிதத்தில் எழுதிக் கொடுத்த சொல் 'சய்'. சைவ உணவுக்கு அங்கே வழங்கும் சொல் இது. பௌத்தர்களில் பலர் சாந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சய் உணவே உண்கிறார்கள். மடத்துத் துறவிகள் என்றும் அப்படியே. இதில் மீனும் இல்லை, மீன் நீரும் இல்லை. உப்புக்குச் சோயா நீர். கண்டிப்பானவர்கள் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. நம் வீடுகளில் விரத நாள் சமையலேதான். ஆகவே சைவ நண்பர்கள் அது வேண்டாம் இது வேண்டாம் என்று பட்டியல் போட வேண்டாம். சய் என்ற பெயர்ப் பலகை மாட்டிய கடையைத் தேடிப் போங்கள். ஆனால் வாயால் சொல்லிப் பார்க்காதீர்கள், எழுதிக் காட்டுங்கள். அந்த மொழியில் சொல்லின் பொருள் குரலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தது. இதே சொல்லைக் குரல் ஏற்றிச் சொன்னால் எரிவது என்று பொருள். இறக்கி அழுத்தினால் ஓடு என்று பொருள். நான் சொல்லிப் பார்த்ததில் எது வந்ததோ, பரிமாறிய பையன் ஓடத்தான் செய்தான்.

புலால் உண்பவர்களுக்கும் சில சொற்கள் தெரிய வேண்டும். ஹெவ் பன்றி, போ மாடு, கா கோழி, தோம் இறால். இந்த நான்கும் தெரிந்தால் உணவுப் பட்டியலில் பாதி விளங்கிவிடும்.

காவ் லவ்வுக்கு அடுத்தபடி 'மீ குவாங்'. இது சுற்று வட்டாரம் முழுவதற்கும் பொது. குவாங் என்பது குவாங் நாம் மாகாணத்தின் பெயரிலிருந்து வந்தது. 2025 ஜூலையில் அந்த மாகாணத்தை டா நாங்கோடு இணைத்துவிட்டார்கள். மாகாணம் போனாலும் கிண்ணத்தில் பெயர் இருக்கிறது. அரிசி மாவை ஆவியில் மெல்லிய தகடாக வார்த்து, நாடா போல நறுக்கிய சேவை. சில இடங்களில் மஞ்சள் சேர்ப்பார்கள். இறால், கோழி அல்லது பன்றி, காடை முட்டை, வறுத்த நிலக்கடலை, சுட்ட அரிசி அப்பளம் எல்லாம் உண்டு. கூடவே பச்சை வாழைப்பூ! நாம் நறுக்கி மோரில் போட்டு, வேகவைத்து, பருப்புசிலி செய்து அடக்குகிற வாழைப்பூவை அவர்கள் பூப்போல மெல்லியதாகச் சீவிப் பச்சையாகத் தின்கிறார்கள். துவர்ப்பு இருக்கும் என்று பயந்தேன். அவ்வளவாக இல்லை. குழம்பு இதிலும் கொஞ்சந்தான். என் வாக்கு காவ் லவ்வைவிட இதற்கே. எங்களில் மற்ற இருவரும் இதை ஒப்பவில்லை.

'பான் செவ்' என்பதைப் பார்த்ததும் எனக்கு வீட்டு நினைவு வந்துவிட்டது. அரிசியை ஊறவைத்து அரைத்து, மஞ்சள் பொடி கலந்து, சட்டியில் வார்க்கிறார்கள். 'செவ்' என்பது மாவு சட்டியில் விழும்போது எழும் ஓசை. நாம் சொய் என்கிறோம். அவர்கள் செவ் என்கிறார்கள். புளிக்கவைப்பதில்லை, உளுந்தும் இல்லை. உள்ளே இறால், பன்றித் துண்டு, முளைப்பயறு. அதை இலைகளோடு மெல்லிய அரிசித் தாளில் சுருட்டித் தொட்டுக்கொண்டு தின்ன வேண்டும். நான் சுருட்டிய முதல் சுருள் சட்டையில் அவிழ்ந்தது.

மஞ்சள் சோற்றின் மேல் கோழி இறைச்சியைப் பிய்த்துப் போட்டுத் தரும் 'கோம் கா', இறால் வைத்துப் பூப்போல மடித்த 'வெள்ளை ரோஜா' கொழுக்கட்டை, பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன ரொட்டியில் செய்த 'பான் மீ' இவையெல்லாம் நன்றாகவே இருக்கும். எல்லாக் கடையிலும் கிடைக்கும். நான் வற்புறுத்த மாட்டேன்.

ஆனால் பாலத்தைத் தாண்டி காம் நாம் என்ற ஆற்றுத் தீவுக்குக் கட்டாயம் போங்கள். ஆற்றில் எடுத்த சிறு மட்டிச் சதையை வதக்கி, சுட்ட அப்பளத்தால் அள்ளித் தின்னக் கொடுக்கிறார்கள். அங்கேயே 'பான் தாப்' உண்டு. மொறுமொறுப்பான அப்பளத்தின் மேல் ஈரமான அரிசித் தகட்டை ஒட்டி, மடித்து, உள்ளங்கையால் ஓர் அறை கொடுக்க வேண்டும். தாப் என்றால் அறைவது. பரீட்சை முடிவு வந்த அன்று தின்னத் தக்க பலகாரம். முடிவில் மக்காச்சோளப் பாயசம் ஒரு கிண்ணம். இதை மட்டும் நம் சைவ நண்பரும் இரண்டு கிண்ணம் குடித்தார், என்னைக் கேட்காமலே.

காலையில் தெருவோரம் 'சீ மா' விற்பார்கள். கறுப்பு எள்ளை அரைத்து, வல்லாரையும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய கறுப்புக் கூழ். நம்மவர்க்கு எள் என்றால் அமாவாசையும் சனீசுவரனும் நினைவுக்கு வருவதால் முதல் வாய்க்குத் தயக்கமாக இருக்கும். இரண்டாம் வாய்க்கு எள்ளுருண்டை நினைவுக்கு வரும்.

அக்டோபர், நவம்பர் மாதங்களில் மட்டும் போகாதீர்கள். ஆறு பெருகித் தெருவுக்குள் வந்துவிடும். கடைகளுக்குப் படகில் போக நேரும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை உசிதம்.

நாங்கள் தங்கிய நான்காம் இரவு, இங்கே ஹோலித் தீ மூட்டும் இரவு. அங்கே சாந்திர மாதத்தின் பதினான்காம் நாள். மாதந்தோறும் அன்றிரவு பழைய ஊர்த் தெருக்களில் மின் விளக்குகளை அணைத்துவிட்டுக் காகிதக் கூண்டு விளக்குகளை ஏற்றுகிறார்கள். அந்த வெளிச்சத்தில் ஒரு சய் கடைக்குப் போனோம். காவ் லவ் அங்கே சோயாக் கட்டியும் காளானும் போட்டு வந்தது. சாம்பல் நீர்ச் சேவை, இலை, பொரித்த வில்லை எல்லாம் அப்படியே. நண்பர் காகிதத்தை நீட்டி மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் கடைக்காரர் பொறுமையாகச் சோயாப் புட்டியைக் கொண்டுவந்து காட்டினார். நான்காவதாக நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீர் சும்மா இரும் வே" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார்.

இப்போதும் நம் விடுதியில் புதிதாக ஏதாவது குழம்பு வந்தால், "சைவந்தான் வே" என்று நான் சொல்வதுண்டு. அவர் என் பக்கம் திரும்புவதில்லை. பரிமாறுகிறவர் முகத்தைத்தான் பார்க்கிறார்.