வளர்ப்புப் பிராணிகளும் வாழ்க்கைப் பாடமும்

உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்த தொல்காப்பிய மரபியல், விலங்குகளை ஐயறிவுடையன என்றும் மக்களை ஆறறிவுடையர் என்றும் கூறும். அவ்வளவில் அமையாது, விலங்கினத்துள்ளும் ஒருசாரன ஆறாம் அறிவு பெற்றிருத்தல் உண்டென அது புறனடையும் வகுத்துள்ளது. மனிதனோடு ஒரே முற்றத்தில் வாழும் பிராணிகளைக் கூர்ந்து நோக்குவார்க்கு இப்புறனடையின் நுட்பம் நன்கு புலனாகும். எழுத்தறியாத இவ்வுயிர்கள் எழுத்தறிந்த மனிதனுக்குக் கற்பிக்கும் பாடங்கள் யாவை என்பது ஆராயற்பாலது.

வளர்ப்புப் பிராணிகளுள் மிகத் தொன்மையானது நாய். ஜேர்மனியிலே பொன் நகரை அடுத்த ஒபர்காசல் என்னுமிடத்தில், ஓர் ஆணும் பெண்ணும் அடக்கஞ் செய்யப்பட்ட புதைகுழி 1914ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அது ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அவர்களோடு ஏழு மாத நாய்க்குட்டி ஒன்றின் எலும்புகளும் கிடந்தன. அதன் பற்களை ஆராய்ந்த அறிஞர், அக்குட்டி கடுநோயால் பல வாரங்கள் வருந்தியதென்றும், மனிதர் பேணியிராவிடின் அத்துணை நாள் உயிர் வாழ்ந்திராது என்றும் 2018இல் எடுத்துக்காட்டினர். நோயுற்ற குட்டி வேட்டைக்கு உதவாது, காவலுக்கும் உதவாது. பயன் கருதாது பேணும் பண்பை மனிதன் பயின்ற பழைய பள்ளிகளுள் ஒன்று இதுவெனல் மிகையாகாது.

நாயின் முதற் பாடம் நன்றியறிதல். நாலடியாரில் நட்பாராய்தல் என்னும் அதிகாரம், நெடுநாட் பழகிய பாகனையே கொல்லும் யானையையும், தன்மேல் வேலெறிந்த தலைவனைக் கண்டும் வாலாட்டும் நாயையும் ஒப்புநோக்கி, நாயனையார் நட்பே கொள்ளத்தக்கது என வலியுறுத்துகின்றது. யப்பானில் நிகழ்ந்த உண்மை வரலாறு ஒன்றும் இதற்குச் சான்றாகும். தோக்கியோவின் சிபுயா புகையிரத நிலையத்தில் ஹச்சிக்கோ என்னும் நாய் தன் தலைவரான பேராசிரியர் உவேனோவை நாள்தோறும் எதிர்கொள்ளும். 1925ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் பணியிடத்திலேயே காலமானார். அதன் பின்னரும், 1935 மார்ச்சில் தான் இறக்கும்வரை, அந்நாய் அந்நிலையத்தை நாடி வந்துகொண்டேயிருந்தது. செய்தித்தாள் ஒன்று 1932இல் இதனை எழுதுமுன்னர் அதனை விரட்டியவர்களும் துன்புறுத்தியவர்களும் உளர். எழுதிய பின்னரோ 1934இல் சிலையே எழுந்தது. நற்பண்பு கண்முன் நின்றாலும், பிறர் சுட்டிக்காட்டும்வரை அதனை அறியாதிருத்தல் மனித இயல்பு என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாவது பாடம் தன்னையறிதல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பேர்லின் நகரில், வொன் ஒஸ்ரன் என்னும் கணித ஆசிரியர் ஹன்ஸ் என்ற குதிரையை வளர்த்தார். கூட்டல், கழித்தல் முதலிய வினாக்களுக்கு அது குளம்பால் தட்டிச் சரியான விடை கூறிற்று. ஓஸ்கார் புங்ஸ்ற் என்பார் 1907இல் அதனை முறையாகச் சோதித்தார். வினவுபவர்க்கே விடை தெரியாதபோதும், வினவுபவரைக் குதிரை காண இயலாதபோதும் அது பெரும்பாலும் தவறிற்று. சரியான எண்ணிக்கை வந்ததும் வினவுபவரின் தலையிலும் உடலிலும் அவரறியாமலே தோன்றும் சிற்றசைவைக் கண்டு, அது தட்டுதலை நிறுத்தியது என்பது தெளிவாயிற்று. குதிரை கணக்கைக் கற்றிலது, மனிதனைக் கற்றிருந்தது. நாவால் மறைத்ததை உடல் வெளிப்படுத்தும் என்பதையும், சினமும் அச்சமும் வாய் திறவாமலே பிறரைச் சென்றடையும் என்பதையும் இது புலப்படுத்துகின்றது. பிள்ளைகளோடு பழகும் பெற்றோரும் ஆசிரியரும் சிந்திக்கவேண்டிய உண்மை இது.

பூனையின் பாடம் வேறு. சைப்பிரசுத் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகட்கு முன்னரே மனிதனருகிற் புதைக்கப்பட்ட பூனை கண்டெடுக்கப்பட்டுள்ளது. இத்துணைக் காலம் உடன்வாழ்ந்தும் அது ஏவலுக்கு இணங்குவதில்லை. விரும்பியபோது மடிமேல் ஏறும், வேண்டாதபோது விலகும். அன்பு செய்தல் வேறு, ஆட்சி செய்தல் வேறு என்பதை அது மௌனமாக உணர்த்துகின்றது.

இவையெல்லாவற்றினும் மேலானது பொறுப்புணர்ச்சியாகும். மகாபாரதத்தின் மகாப்பிரஸ்தானிக பருவத்திலே, தம்பியரும் திரௌபதியும் வழியில் வீழ, தருமரைத் தொடர்ந்து சென்றது ஒரு நாயே. அதனை விட்டுத் தேரேறுமாறு இந்திரன் பணித்தபோது, அடைக்கலமாய் வந்ததைக் கைவிடுதல் பெரும்பாவம் எனக் கூறித் தருமர் சுவர்க்கத்தையே மறுத்தார். நாயாய் வந்தவர் தருமதேவதை என்பது பின்னர் வெளிப்படுகின்றது. நாயின் விசுவாசம் வழியெங்கும் தெளிவாகவே இருந்தது. இறுதிச் சோதனை மனிதனின் விசுவாசத்துக்கே வைக்கப்பட்டது.

இச்சோதனை புராண காலத்தோடு முடிந்ததன்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தபோது, மாடுகளைக் கட்டவிழ்த்துவிட்டும் வளர்த்த நாய்களைப் பிரிந்தும் சென்ற குடும்பங்கள் பல. வேறு வழியின்றிப் பிரிந்த அவர்களை எவரும் குறைகூற இயலாது. ஆயின் எந்நெருக்கடியும் இல்லாத காலத்தில், பெட்டைக் குட்டிகளைச் சாக்கிலிட்டுச் சந்தையோரத்தில் விடுவதும், முதுமையுற்ற காவல் நாயைப் படலைக்கு வெளியே துரத்துவதும், விசர்நோய்த் தடுப்பூசி போடாது தெருவில் உலாவ விடுவதும் மன்னிக்கத்தக்கன அல்ல. குட்டியாய் இருக்கையிற் கொஞ்சுதல் எளிது. அது நோயுறும்போதும் மூப்படையும்போதும் பேணுவதே வளர்ப்பு எனப்படும்.

நாயின் ஆயுள் பெரும்பாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளே. ஆதலின் ஒரு சிறுவனின் இளமைக்குள்ளேயே அதன் பிறப்பும் வளர்ச்சியும் மூப்பும் இறப்பும் நிகழ்ந்து முடிகின்றன. நிலையாமையை நூலிற் படிக்குமுன்னரே அவன் தன் வீட்டு முற்றத்திற் காண்கிறான். அன்று அவன் சிந்தும் கண்ணீரைப் பெரியோர் நகைத்துத் தள்ளலாகாது. பிறிதோர் உயிரின் நோயைத் தன் நோய்போற் கருதுதலே அறிவின் பயன் எனத் திருவள்ளுவர் கருதினார். அக்கண்ணீர் அப்பயனின் முதல் அரும்பாகும். அதனை வாடவிடாது காத்தல் வீட்டிற்கும் பள்ளிக்கும் உரிய கடமையாம்.