படத்துக்கு மேலே எழுதும் ஒரு வரி

டிசம்பர் 26 முதல் ஜனவரி 2 வரையான அந்த ஒரு கிழமை திருகோணமலைக்குப் பாரமானது. கிண்ணியா, மூதூர், நிலாவெளிக் கரைகளைச் சுனாமி அள்ளிச் சென்ற நாள் வந்ததும் பழைய காணொளிகள் கைத்தொலைபேசிகளில் மறுபடி சுற்றும். அவை ஓயுமுன், 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை காந்தி சிலைக்கு அருகே கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் படங்கள் வரும். பகிர்பவர்களில் பலர், 'இளகிய மனமுடையோர் பார்க்க வேண்டாம்' என்று மேலே ஒரு வரி சேர்க்கிறார்கள். நல்ல மனத்தோடு எழுதப்படும் அந்த வரி யாரையாவது காக்கிறதா?

அவுஸ்திரேலிய உளவியலாளர் விக்டோரியா பிரிட்ஜ்லண்டும் சகாக்களும் இத்தகைய எச்சரிக்கைகள் பற்றிய 12 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசி 2023இல் முடிவுகளை வெளியிட்டனர். எச்சரிக்கையைப் படித்தவர்களுக்குப் பின்னர் வந்த வேதனை குறையவில்லை. பார்க்காமல் விலகியவர்களின் தொகையும் கூடவில்லை. பார்ப்பதற்கு முந்திய பதற்றம்தான் கூடியது. 2020இல் வெளியான இன்னோர் ஆய்வில், பேரதிர்ச்சிக்கு ஆளான 451 பேர் பங்கேற்றனர். 'அந்தச் சம்பவம்தான் என் வாழ்க்கையின் மையம்' என்ற எண்ணத்தை எச்சரிக்கைகள் வலுப்படுத்தக்கூடும் என அது கண்டது.

ஆனால் இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் முன்பின் அறியாதவர்களின் கதைகளையும் காட்சிகளையும் கொண்டு நடத்தப்பட்டவை. தன் பிள்ளையின் உடலைத் திரையில் காணும் தாயைப் பற்றி அவை பேசவில்லை. அவருக்கு முன்கூட்டியே சொல்வது மரியாதை. அதைக் கைவிடக் கூடாது. அதையே சிகிச்சை என்று நம்பிவிடவும் கூடாது.

படங்களையே மறைத்துவிடலாம் என்பதையும் என்னால் ஏற்க முடியாது. அந்த மாணவர்கள் கைக்குண்டு வெடித்து இறந்ததாகவே படைத்தரப்பு முதலில் சொன்னது. 'சுடர் ஒளி' செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் தலையில் இருந்த துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர்களின் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டனர். நீதி கிடைக்காத இடத்தில் படம் சாட்சியாக நிற்கிறது. அதை யார், எப்போது, யாருடன் இருந்து பார்ப்பது என்பதைப் பார்ப்பவரே தீர்மானிக்க வேண்டும்.

ஆகவே பகிர்பவர் பயமுறுத்தாமல் தகவல் சொல்லட்டும்: 'இரண்டாவது படத்தில் உடல்கள் உள்ளன. சம்பவத்தின் விபரம் முதற் பக்கத்திலேயே இருக்கிறது.' முடிந்தால் குடும்பத்தாரிடம் முதலில் கேளுங்கள். குடும்பத்தாரைச் செவ்வி காண்பவர், என்ன கேட்கப்போகிறார் என்பதை முன்னரே சொல்ல வேண்டும். நடுவில் நிறுத்த அவர்களுக்கு உரிமையுண்டு. பார்க்க விரும்பாதவர் வாட்ஸ்அப்பில் படங்கள் தாமாகவே பதிவிறங்குவதை நிறுத்திவைக்கலாம்.

பழைய காட்சியைக் கண்டு மனம் கலங்குவது நோயல்ல. பெரும்பாலானோருக்குச் சில நாட்களில் அது தணியும். கெட்ட கனவும் தூக்கமின்மையும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், கடற்கரைப் பக்கமே போக முடியாதபடி ஒதுங்கத் தொடங்கினால், உதவி தேட வேண்டும். ஒதுங்க ஒதுங்கப் பயம் வேரூன்றும். பயிற்சி பெற்றவரின் துணையோடு நினைவை மெல்ல மெல்ல எதிர்கொள்வது பலன் தரும் சிகிச்சை. யாரோ திடீரென அனுப்பும் படம் அந்த வேலையைச் செய்யாது.

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவையும், பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரையும் நாடலாம். குற்றச்செயலால் பாதிக்கப்பட்டவர்கள் கண்ணியத்தோடும் அந்தரங்கத்துக்கு மதிப்பளித்தும் நடத்தப்பட வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. பத்திரிகையொன்று துயரத்தைக் கூசாமல் காட்சிப்பொருளாக்கினால் இலங்கைப் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவிடம் முறையிடலாம். வெளியான பக்கத்தையும் திகதியையும் முறைப்பாட்டோடு சேர்த்து அனுப்புங்கள்.