ஒரு வாஷர் குடிக்கும் தண்ணீர்!

நடு இரவு. அவிநாசிபாளையத்தில் ஊர் உறங்குகிறது. ஒரு வீட்டுக் கழிவறையில் மட்டும் ‘சிர்ர்...’ என்று மெல்லிய ஓசை. யாரும் பிளஷ் தொட்டியை அழுத்தவில்லை. ஆனாலும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது!

காரணம் என்ன? தொட்டிக்குள், வால்வின் அடியில் இருக்கும் சின்ன ரப்பர் வாஷர்தான். போர் தண்ணீரின் உப்பு அதில் படியும். நாளாக ஆக ரப்பர் விறைத்துப் போகும்; தேய்ந்தும் போகும். பிறகு வால்வு சரியாக மூடாது.

ஐந்து பேர் தண்ணீர்

“கொஞ்சம்தானே கசிகிறது!” என்று இருந்துவிடக் கூடாது. நிமிஷத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி கசிந்தால், ஒரு நாளைக்கு 288 லிட்டர்! 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஓர் ஆளுக்கு வகுத்த அளவு, நாளைக்கு 55 லிட்டர். ஐந்து பேருக்கு உரிய தண்ணீரை ஒரு வாஷர் குடித்துவிடுகிறது! லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் காசும் சேர்ந்தே ஓடுகிறது.

திருப்பூர் வட்டாரத்துக்குத் தண்ணீரின் அருமை தெரியும். சாயக் கழிவால் நொய்யல் கெட்டது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. கழிவு நீரைச் சுத்தம் செய்து, திரும்பவும் பயன்படுத்தப் பட்டறைகள் கற்றுக்கொண்டன. வீடு கற்க வேண்டியது அதைவிட எளிது.

சாயமே காட்டிக் கொடுக்கும்

முதலில் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே நிற்கும் குழாயின் விளிம்பைத் தாண்டித் தண்ணீர் வழிந்தால், கோளாறு மிதவையில். வழியவில்லையா? தொட்டியில் சிறிது கேசரிப் பவுடரைக் கரையுங்கள். அரை மணி நேரம் பிளஷ் செய்யாதீர்கள். கீழே பீங்கானில் நிறம் தெரிந்தால், வாஷரை மாற்ற வேண்டியதுதான்.

மாற்றுவது எப்படி?

சுவரில் உள்ள ஆங்கிள் காக்கை மூடுங்கள். பிளஷ் செய்து தொட்டியைக் காலி செய்யுங்கள். பல தொட்டிகளில் வால்வைக் கால்வாசி திருகினால் கழன்று வந்துவிடும். அடியில் உள்ள பழைய வாஷரைக் கழற்றி, கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். அதே அளவுதான் பொருந்தும். வாஷர் உட்காரும் இடத்தில் படிந்த உப்பைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். உப்புத்தாள் வேண்டாம், கீறல் விழுந்தால் மறுபடியும் கசியும். புது வாஷரை மடிப்பு இல்லாமல் மாட்டி, வால்வைப் பழையபடி பொருத்துங்கள்.

தண்ணீரைத் திறந்து, தொட்டி நிரம்பியதும் காது கொடுத்துக் கேளுங்கள். ஓசை இல்லையா? இனி அந்த 288 லிட்டரும் உங்கள் வீட்டுக்கே!