போல்ட்டுக்கும் ஒரு காஸ்ட்யூம் உண்டு பாஸ்!

வேட்டி சட்டையில் கம்பீரமா நிக்கிற தாத்தாவுக்கு, காலில் மட்டும் லைட் எரியற ஸ்போர்ட்ஸ் ஷூ மாட்டிவிட்டா எப்படி இருக்கும்? சில பழைய கார்களை ரெஸ்டோர் பண்ணி நிறுத்தியிருக்கிறதைப் பார்த்தா அப்படித்தான் இருக்கு. பெயின்ட் சூப்பர், சீட் சூப்பர். பானெட்டைத் திறந்தா... ஒவ்வொரு போல்ட்டும் பாத்திரக்கடை மாதிரி மின்னுது!

நம்ம சென்னையில் தயாரான காரையே எடுத்துக்குவோம். ஸ்டாண்டர்டு ஹெரால்டு! இங்கிலாந்து ட்ரையம்ஃப் ஹெரால்டின் உடன்பிறப்பு. டிசைன், இத்தாலிக்காரர் மிக்கெலோட்டியின் கைவண்ணம். 1961-லிருந்து இங்கே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி தயாரிச்சது. இந்தக் காரில் ஒரு விசேஷம்... பானெட்டும் ரெண்டு பக்க மட்கார்டும் ஒரே துண்டா முன்பக்கம் சாயும். இன்ஜின், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங்னு அத்தனையும் கண்ணுக்கு முன்னாடி. போல்ட் ஒண்ணு தப்பா இருந்தாலும் ஒளிச்சு வைக்க முடியாது!

யாருக்கு என்ன டிரெஸ்?

குரோம்: பம்பர், கதவுக் கைப்பிடி வகையறா. அடியில் தாமிரம், அதுக்கு மேல் நிக்கல், கடைசியில் குரோமியம்னு மூணு அடுக்கு. மேலே இருக்கிற குரோமியம் ஒரு மைக்ரான்கூட வராது. துருவைத் தடுக்கிற உழைப்பாளி நிக்கல்தான். பேர் வாங்குறது குரோம்! நிறைய பழைய கைப்பிடிகள் துத்தநாக வார்ப்பு. தெரியாம ஆசிட்டில் ஊறப்போட்டா, கைப்பிடியே கரைஞ்சுடும்.

ஜிங்க்: நட்டு, போல்ட்டு, பிராக்கெட்டுக்கான தினசரி யூனிஃபார்ம். இரும்புக்குப் பதிலா தான் அரிபட்டுக் காப்பாத்துற தியாகி. மேலே கொடுக்கிற பாசிவேஷனைப் பொறுத்து லேசான நீலமாவோ, மஞ்சளாவோ தெரியும்.

காட்மியம்: பழைய கார்களில் நிறையவே பயன்பட்டது. மங்கலான வெள்ளி நிறம். ஆனா, விஷம்! சந்தேகமா இருக்கிற பழைய போல்ட்டை கிரைண்டரில் தேய்க்கவோ, டார்ச்சில் காட்டவோ கூடாது. தூசி, புகை ரெண்டுமே ஆபத்து. இப்போ ரெஸ்டோர் பண்றவங்க பலர், பளபளப்பு குறைச்ச ஜிங்க்கை வெச்சு அந்த லுக்கைக் கொண்டு வர்றாங்க.

பாஸ்பேட்: கரும்சாம்பல் நிறம், துளிகூட மினுமினுப்பு கிடையாது. எண்ணெயை உறிஞ்சி வெச்சுக்கும்.

பிளாக்கோடைசிங்: கொதிக்கிற காரக்கரைசலில் முக்கி எடுத்த கறுப்பு. அளவு மாறாது, ஆனா, எண்ணெய் காய்ஞ்சா துரு எட்டிப்பார்க்கும்.

இது தவிர, பாடியோடு சேர்த்தே பெயின்ட் அடிச்ச போல்ட்டும் உண்டு. அதைப் பிளேட்டிங் பண்ணி மாட்டினா அது தப்பு!

‘எதுக்கு இவ்ளோ டென்ஷன்? எல்லாத்தையும் எஸ்.எஸ். போல்ட்டா மாத்திடலாமே’னு ஒரு குரல் கேட்குமே... கேட்காதீங்க. கடையில் சாதாரணமா கிடைக்கிற ஏ2-70 ஸ்டெயின்லெஸ் போல்ட்டோட பலம் 700 மெகாபாஸ்கல். 8.8 ஸ்டீல் போல்ட்டுக்கு 800. போதாததுக்கு எஸ்.எஸ். மரை ஒண்ணோடொண்ணு கடிச்சு இறுகிடும். அலுமினியத்தில் மாட்டினா, ஈரம் பட்டதும் அலுமினியம் அரிக்க ஆரம்பிக்கும்.

துப்பறியும் சாம்பு ஆகுங்க!

எந்த போல்ட்டுக்கு எந்த ஃபினிஷ்னு யாரைக் கேட்கிறது? காரையேதான் கேட்கணும். வாஷருக்கு அடிப்பக்கம், கிளாம்ப் மறைச்ச இடம், போல்ட் தலைக்கு நேர் கீழே... அம்பது வருஷமா வெயிலும் மழையும் படாத மூலை அது. ஒரிஜினல் நிறம் அங்கேதான் ஒளிஞ்சிருக்கும். கழற்றின உடனே, கழுவுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துடுங்க. கெரசின்ல போட்டு பிரஷ்ஷால தேய்ச்சா சாட்சியும் சேர்ந்து போயிடும்.

ஓவரா எதுக்குன்னு தோணுதா? 1974-ல் அமெரிக்காவில் ஆரம்பிச்ச கார்வெட் ரெஸ்டோரர்ஸ் சொசைட்டி (என்.சி.ஆர்.எஸ்.) நடுவர்கள், போல்ட் தலையில் இருக்கிற முத்திரை வரைக்கும் பார்த்து மார்க் போடுவாங்க. அவங்க கேள்வி ஒண்ணே ஒண்ணு: ஃபேக்டரியை விட்டு வந்தப்போ இது இப்படித்தான் இருந்ததா?

அழகில் ஓர் ஆபத்து

மார்க் போனா போகட்டும். உயிர் போற விஷயம் ஒண்ணு இருக்கு. பேரு, ஹைட்ரஜன் எம்பிரிட்டில்மென்ட். மெட்டலர்ஜி பேப்பரில் ரெண்டு மார்க் கேள்வியா எழுதி மறந்திருப்போமே... அதேதான்!

ஆசிட்டில் முக்கும்போதும், கரன்ட் கொடுத்துப் பிளேட்டிங் பண்ணும்போதும் ஹைட்ரஜன் அணுக்கள் ஸ்டீலுக்குள்ள புகுந்துடும். சாதாரண போல்ட் தாங்கிக்கும். கடினமான ஹை டென்சைல் போல்ட், ஸ்பிரிங் எல்லாம் தாங்காது. டைட் பண்ணும்போது கம்முனு இருக்கும். சில மணி நேரமோ, சில நாளோ கழிச்சு, முன்னறிவிப்பே இல்லாம படார்! அது ஸ்டீயரிங் போல்ட்டா இருந்தா?

இதுக்கு மருந்து, பிளேட்டிங் முடிஞ்ச சில மணி நேரத்துக்குள்ள, பாசிவேஷனுக்கு முன்னாடி, சுமார் 200 டிகிரி செல்சியஸ் அவனில் பல மணி நேரம் வேகவைக்கிறது. ‘பேக்கிங் உண்டா அண்ணே?’னு பட்டறையில் கேளுங்க. 10.9 போல்ட்டுன்னா கட்டாயம் கேளுங்க. 12.9-ஐ பிளேட்டிங் தொட்டி பக்கமே கொண்டுபோகாதீங்க. ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், பிரேக் போல்ட்டுகளுக்குச் சரியான கிரேடில் புதுசு வாங்கிடுறதுதான் புத்திசாலித்தனம்.

மஞ்சளின் விலை

பழைய ஸ்டைல் மஞ்சள் பாசிவேஷன் பார்க்க தங்கம் மாதிரி இருக்கும். அந்த நிறத்தைத் தந்தது ஹெக்சாவேலன்ட் குரோமியம். புற்றுநோய் தர்ற சமாசாரம். 2007 ஜூலையிலிருந்து ஐரோப்பாவில் புது கார்களின் துருத்தடுப்புப் பூச்சில் இதுக்குத் தடை. நம்ம ஊருக்கு இதைத் தனியா விளக்க வேண்டாம். ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் தொழிற்சாலை விட்டுட்டுப் போன கழிவு மலை, நிலத்தடி நீரை என்ன பண்ணுச்சுன்னு பார்த்துட்டோம். 2006-ல் உலகின் மிக மோசமா மாசுபட்ட இடங்கள் பட்டியலிலேயே அந்த ஊர் பேர் வந்தது. அந்தக் கழிவு தோல் பதனிடும் ரசாயனத் தயாரிப்பில் வந்தது. ஆனா, வில்லன் அதே குரோமியம்தான்.

நல்ல சேதி... ட்ரைவேலன்ட் குரோமியத்தில் சாயம் கலந்து கிட்டத்தட்ட அதே மஞ்சளைக் கொண்டு வர முடியுது. நூலிழை நிற வித்தியாசத்துக்காக, தொட்டி பக்கத்தில் நின்னு வேலை பார்க்கிற அண்ணன் நுரையீரலை அடகு வைக்கணுமா? நீங்களே சொல்லுங்க!

இந்த வாரமே ஆரம்பிக்கணுமா? காசே வேண்டாம். கொஞ்சம் ஜிப் லாக் கவர், ஒரு மார்க்கர், செல்போன் கேமரா போதும். கழற்றுற ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு கவர், இடம், போட்டோ. பட்டறைக்குக் கொடுக்கும்போது எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்குங்க. ஹெரால்டு போல்ட் ஒண்ணு தொலைஞ்சா, அப்புறம் புதுப்பேட்டை முழுக்க நடக்கணும்... ஆமா!